மெத்தையின் உள்ளே இருப்பது

மெத்தை இரண்டு வேலைகளை ஒருங்கே செய்ய வேண்டிய பொருள். படுத்திருப்பவரின் எடையைத் தாங்கி, முதுகெலும்பின் இயல்பான வளைவு குலையாமல் பார்த்துக்கொள்வது அவற்றுள் ஒன்று. தோள்பட்டை, இடுப்பெலும்பு, குதிகால் என எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் அழுத்தம் குவிந்துவிடாமல் அதைப் பரப்பிவிடுவது மற்றொன்று. ஸ்பிரிங் மெத்தையில் முதல் வேலையின் பெரும்பகுதியை எஃகுச் சுருள்கள் ஏற்றுக்கொள்வதால், அவற்றின் மேல் விரிக்கப்படும் நுரையோ பஞ்சோ இரண்டாவது வேலையைக் கவனித்துக்கொண்டால் போதும். சுருள்வில் இல்லாத மெத்தையில் அந்த வேலைப்பிரிவு கிடையாது. தாங்குவதும் மெத்தென்று இருப்பதும் உள்ளே நிரப்பிய பொருளையே முழுக்கச் சார்ந்திருப்பதால், அது எதனால் ஆனது, எவ்வளவு எடை உள்ளது, எந்த வரிசையில் அடுக்கப்பட்டது என்பதை விசாரிக்காமல் உறையின் பூவேலைப்பாட்டையும் விற்பனைப் பெயரையும் பார்த்து வாங்குவது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிகிறது.

தமிழ்நாட்டுக்கு இவ்வகை மெத்தை புதிதன்று. இலவம் பஞ்சு, தென்னை நார், ரப்பர் பால் ஆகிய மூன்றும் தென்னிந்திய மண்ணிலேயே விளைபவை. இவற்றோடு ரசாயன ஆலையில் பிறக்கும் பாலியூரித்தேன் நுரையையும் சேர்த்துக்கொண்டால், கடைகளில் ஸ்பிரிங் இல்லாமல் விற்கப்படும் மெத்தைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாகவோ இவற்றின் கலவையாகவோ அமைந்திருப்பதைக் காணலாம்.

இலவம் பஞ்சு, இலவமரத்துக் காயின் உட்சுவரில் முளைக்கும் இழை. பருத்தி இழை விதையின் மேல் ஒட்டி வளர்வது. இலவ இழை காயின் சுவரில் வளர்வதால் விதையிலிருந்து எளிதில் பிரிந்துவிடும். ஒவ்வோர் இழையும் உள்ளே கூடாக, காற்று நிரம்பிய நுண்குழாயாக இருப்பதும், அதன் மேல் மெழுகுப் பூச்சு போன்ற ஒரு படலம் படர்ந்திருப்பதும் இதன் தனிச்சிறப்புகள். இழை குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் நூலாக நூற்பது கடினம். ஆனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாமல் மிதக்கும் தன்மை உள்ளதால் ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவை அங்கிகளில் இதைத்தான் நிரப்பினார்கள். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரைச் சுற்றி நடக்கும் இலவம் பஞ்சு வியாபாரம் இன்றும் பெயர்பெற்றது. வியர்வை தங்காமல், உடல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாமல், எடையும் குறைவாக இருக்கும் இந்த மெத்தை வெக்கையான இரவுகளுக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் இழை முறிந்து பொடியாகும் இயல்புடையது. படுக்கப் படுக்கப் பஞ்சு ஒதுங்கி, இடுப்பு படும் இடம் பள்ளமாகவும் ஓரங்கள் மேடாகவும் ஆகிவிடுகின்றன. பருத்திப் பஞ்சு மெத்தையும் இப்படியே கட்டி தட்டிப்போகும் என்றாலும், அதை உதறிப் பிரித்துப் பஞ்சை அடித்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம் என்பது நுரை மெத்தை எதற்கும் இல்லாத வசதி. தெருமுனைப் பஞ்சுக் கடைகள் குறைந்துவருவதால் இந்த வசதியும் கைநழுவிப் போகிறது; இது வருந்தத்தக்க இழப்பு. அருகில் நம்பகமான பஞ்சுக் கடை உள்ள குடும்பம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மெத்தையைப் பிரித்துத் தைக்கச் சலிக்காது என்றால், பஞ்சு மெத்தையைப் பழசு என்று ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை.

தென்னை நார் மெத்தையில் பலர் நினைப்பதுபோல் வெறும் நார் திணிக்கப்படுவதில்லை. முற்றிய தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த பழுப்பு நாரை முதலில் இறுக்கமான கயிறாக முறுக்கிச் சில காலம் அப்படியே வைத்திருப்பார்கள். பிறகு முறுக்கைப் பிரிக்கும்போது ஒவ்வொரு நாரும் நேராக நிமிராமல் சுருண்ட நிலையிலேயே நின்றுவிடும். அந்தச் சுருள் நாரை விரிப்பாகப் பரப்பி, ரப்பர் பால் கலவையைத் தெளித்து, அடுக்கி அழுத்தி, சூடேற்றிப் பதப்படுத்தும்போது நார்கள் தொடும் இடமெல்லாம் ரப்பரால் பிணைந்து ஒரு பலகை உருவாகிறது. நார்களுக்கு இடையே காற்று தாராளமாகப் புழங்குவதால் சூடு தங்குவதில்லை, விலையும் மட்டானது. ஆனால் அழுத்தத்தைப் பரப்பிக்கொடுக்கும் நெகிழ்வு குறைவு என்பதால் ஒருக்களித்துப் படுப்பவரின் தோளும் இடுப்பும் விரைவில் வலிக்கத் தொடங்கும். காலப்போக்கில் ரப்பர் பிணைப்புகள் காய்ந்து விடுபடும்போது நார் உடைந்து தூளாகக் கொட்டும், நடுவில் குழி விழும். நார்ப் பலகையை அடித்தளமாக மட்டும் வைத்து, மேலே ஓரிரண்டு அங்குலத்துக்கு நல்ல நுரையோ லேடெக்ஸோ சேர்த்த மெத்தைகள் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன.

லேடெக்ஸ் என்று கடைகளில் சொல்லப்படுவது ரப்பர் பாலைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரத்தைக் கீறி எடுக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர்; சுழற்று இயந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்து, ரப்பரின் பங்கு 60 சதவீதம் ஆகும்வரை செறிவூட்டிய பிறகே அது நுரை செய்யும் ஆலைக்குச் செல்கிறது. ரப்பர் பாலை நுரைத்துத் திண்டாக்கும் முறை 1929இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. பாலைச் சோப்புப் பொருளோடு அடித்து நுரையாக்கி, அது உறைவதற்கான ரசாயனத்தைச் சேர்த்து, அச்சில் ஊற்றி, நீராவியில் கந்தகத்தின் உதவியோடு வேகவைப்பதே டன்லப் முறையின் சுருக்கம். தலலே முறை என்ற மற்றொன்றில் அச்சைப் பாதியளவு நிரப்பி, காற்றை உறிஞ்சி நுரையை உப்பச் செய்து, அதை உறைபனியாக்கிய பிறகே வேகவைப்பதால், நுரையின் கண்ணறைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அமைகின்றன. திண்டு சற்று மென்மையாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். இரண்டு முறையிலும் அச்சின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் குச்சிகளால் திண்டு முழுவதும் வரிசை வரிசையாகத் துளைகள் விழுகின்றன. வெப்பம் உள்ளே சீராகப் பரவுவதற்காக ஏற்பட்ட அந்தத் துளைகள், வீட்டுக்கு வந்தபின் காற்றோட்டத்துக்கும் பயன்படுகின்றன.

லேடெக்ஸின் அருமை அது அழுத்தத்துக்குப் பதில் சொல்லும் விதத்தில் இருக்கிறது. ஒரு நுரைத் திண்டின் உயரத்தில் கால் பங்கு அமுங்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும், 65 சதவீதம் அமுங்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று இரண்டையும் அளந்து, பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைத் தாங்குதிறன் விகிதம் என்பார்கள். சாதாரணப் பாலியூரித்தேன் நுரையில் இந்த விகிதம் ஏறத்தாழ இரண்டு. லேடெக்ஸில் அதைவிடத் தெளிவாகக் கூடுதல். அதாவது, மேற்பரப்பில் எளிதாக இடம்கொடுத்துத் தோளை ஏற்றுக்கொள்ளும் அதே திண்டு, இடுப்பு ஆழமாக இறங்க முற்படும்போது எதிர்த்து நிற்கிறது. மெத்தையின் இரண்டு வேலைகளையும் ஒரே பொருளால் செய்ய முடிவது இதனால்தான். உள்ளங்கையால் மெதுவாக ஒருமுறை, உடல் எடையைச் செலுத்தி ஒருமுறை என இருமுறை அழுத்திப் பார்த்தாலே இந்த வேறுபாடு கைக்குப் புலப்படும்.

விலை மிகுதியாக இருப்பதால் லேடெக்ஸில் கலப்படமும் மிகுதி. இயற்கை ரப்பர் பாலோடு பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் செயற்கை ரப்பரைக் கலப்பது பரவலான வழக்கம். அது தன்னளவில் குற்றமன்று, ஆனால் எத்தனை பங்கு என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். லேடெக்ஸ் போன்ற மென்மை, லேடெக்ஸ் உணர்வு என்ற பெயர்களில் விற்கப்படுவதில் ரப்பரே இல்லாமல் இருக்கக்கூடும். எடை இங்கே நல்ல சாட்சி. 78 அங்குல நீளமும் 72 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள முழு லேடெக்ஸ் மெத்தை உறை நீங்கலாகவே 40 கிலோவை எட்டும் அல்லது தாண்டும். ஒருவர் தனியாகத் தூக்கித் திருப்ப முடியாது. அதே அளவுள்ள மெத்தையை ஒருவரே அலட்சியமாக நிமிர்த்தி நிறுத்துகிறார் என்றால், உள்ளே இருப்பது வேறு பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரப்பரில் உள்ள புரதங்களால் ஒவ்வாமை உள்ளவர்கள், ஆலையில் நன்கு அலசிய திண்டில் அப்புரதம் மிகவும் குறைந்துவிடும் என்றபோதிலும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டே லேடெக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி, தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாக இடம்பிடித்துள்ள பாலியூரித்தேன் நுரை. இந்த ரசாயனக் குடும்பத்தை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். இரண்டு திரவங்கள் சேர்ந்து கெட்டியாகும்போதே, சேர்க்கப்பட்ட நீரால் கரியமில வாயு வெளிப்பட்டு உள்ளே குமிழிகளை எழுப்பி, பெரும் ரொட்டியளவுக்கு உப்பிவரும் நுரையைப் பாளம் பாளமாக அறுத்து மெத்தை செய்கிறார்கள். கடைக்காரர்கள் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று சொல்வது அடர்த்தியை; அதாவது ஒரு கன மீட்டர் நுரையின் எடை எத்தனை கிலோ என்பதை. இந்த எண்ணைக் கேட்டவுடன் எண் கூடினால் மெத்தை கெட்டியாக இருக்கும் என்று வாங்குபவரும், பல நேரங்களில் விற்பவரும் எண்ணிக்கொள்கிறார்கள். இது பிழையான எண்ணம். அடர்த்தி என்பது அந்த இடத்தில் எவ்வளவு பொருள் உள்ளது என்பதைக் காட்டுவது. கடினம் என்பது அதை அமுக்க எவ்வளவு விசை தேவை என்பதைக் காட்டுவது. ரசாயனச் சேர்மானத்தை மாற்றி, 40 அடர்த்தியில் மிருதுவான நுரையையும் 24 அடர்த்தியில் விறைப்பான நுரையையும் செய்ய முடியும். அடர்த்தி முடிவு செய்வது மெத்தையின் ஆயுளை. பொருள் குறைவாக உள்ள நுரையின் கண்ணறைச் சுவர்கள் இரவுதோறும் மடங்கி மடங்கித் தளர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் இடுப்புப் பக்கம் நிரந்தரப் பள்ளத்தை விட்டுவிடும். கடையில் படுத்துப் பார்த்த முதல் நாளில் இதை அறிய வழியில்லை.

நாள்தோறும் பெரியவர்கள் படுக்கும் மெத்தையின் அடித்தள நுரை 32க்குக் குறையாமலும், கூடுமானால் 40 அளவிலும் இருப்பது நல்லது; 20ஐ ஒட்டிய நுரை, எப்போதாவது வரும் விருந்தினருக்கு விரிக்கும் மெத்தைக்கே பொருந்தும். சொன்ன அடர்த்தி உண்மைதானா என்பதை வீட்டுத் தராசிலேயே சரிபார்க்கலாம். 72 அங்குல நீளம், 36 அங்குல அகலம், 4 அங்குல உயரம் கொண்ட ஒற்றைக் கட்டில் நுரையின் கனஅளவு ஏறத்தாழ 0.17 கன மீட்டர். அதை 32ஆல் பெருக்கினால் சுமார் 5.4 கிலோ, 40ஆல் பெருக்கினால் 6.8 கிலோ. உறையைக் கழற்றி நுரையை நிறுத்துப் பார்க்கையில் 4 கிலோவைக்கூட எட்டாத மெத்தையை 32 டென்சிட்டி என்று எவர் சொன்னாலும் அது பொய். இதற்கு மறுபக்கமும் உண்டு. எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக நுரையில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலக்கும் தந்திரம் நெடுநாளாக வழங்கிவருகிறது. அப்படிப்பட்ட நுரை தராசில் தேறும், ஆனால் சீக்கிரமே நொறுங்கும். வெட்டிய ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்தால் வெண்பொடி ஒட்டிக்கொண்டு வருமேயானால் அந்த மெத்தையைத் தவிர்க்க வேண்டும். உறைக்கு ஜிப் வைத்திருக்கும் மெத்தையைத் தேடி வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

இதே குடும்பத்தில் மேம்பட்ட வகை, எச்.ஆர். என்று அழைக்கப்படும் உயர்மீள் நுரை. மீள்தன்மையைச் சோதிக்கும் முறை எளியது: அரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு சிறு எஃகுக் குண்டை நுரையின் மேல் விழவிட்டு, அது எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். சாதாரண நுரையில் விழுந்த உயரத்தில் சுமார் 40 சதவீதம் எழும்பும் குண்டு, உயர்மீள் நுரையில் 60 சதவீதத்தை ஒட்டி எழும்பும். தாங்குதிறன் விகிதமும் இதில் கூடுதல் என்பதால், லேடெக்ஸுக்குப் பணம் ஒதுக்க முடியாத குடும்பத்துக்கு 40 அடர்த்தியுள்ள எச்.ஆர். நுரையே நியாயமான தேர்வு.

‘ஆர்த்தோபீடிக்’ என்ற அடைமொழியோடு விற்கப்படும் மெத்தைகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் ரீபாண்டட் நுரை எனப்படும் மறுபிணைப்பு நுரை. மெத்தைகளுக்கும் சோபாக்களுக்கும் நுரை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைச் சிறு சில்லுகளாக்கி, பசை தெளித்து, நீராவியோடு அழுத்திக் கடலை மிட்டாய் போல ஒரே பாளமாக்குவது இதன் செய்முறை. பல நிறச் சில்லுகள் தெரிவதைக்கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். அடர்த்தி 80 முதல் 100 வரைகூடச் செல்லும்; பள்ளம் விழுவது குறைவு. மெத்தையின் கீழடுக்காக இது பயனுள்ள பொருள்தான். ஆனால் அதன் மேல் அரை அங்குல நுரையை மட்டும் ஒட்டிவிட்டு, அந்த விறைப்பையே மருத்துவக் குணமாகச் சொல்லி விற்பது நேர்மையான வணிகம் ஆகாது. அந்த அடைமொழிக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லாததால், அதை நம்பி மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

கடினமான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரோடியிருப்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஸ்பெயினில் குறிப்பிட்ட காரணம் ஏதும் கண்டறியப்படாத நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை, யாருக்கு எந்த மெத்தை என்று தெரியாத வகையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார் கோவாக்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர். அவரும் உடன் ஆய்ந்தோரும் 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவின்படி, படுத்திருக்கும்போது எழும் வலியிலும், எழுந்திருக்கும்போது எழும் வலியிலும், அன்றாட வேலைகளில் ஏற்படும் முடக்கத்திலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே நல்ல முன்னேற்றம் கண்டனர். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் உடலின் மற்றப் பகுதிகளைவிட வெளியே நீண்டிருக்கின்றன. அவை சற்று உள்ளே இறங்க மெத்தை இடம்கொடுத்தால்தான் இடைப்பட்ட விலாவும் இடுப்புச் சரிவும் தாங்கப்பட்டு முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கும். பலகை போன்ற பரப்பில் அந்தச் சரிவு அந்தரத்தில் தொங்கும். மிகவும் மிருதுவான மெத்தையில் நேர்மாறாக, உடலில் எடை மிகுந்த பகுதியான இடுப்பு அளவுக்கு மீறி இறங்கி முதுகு தொட்டில்போல் வளைந்துவிடும். மல்லாந்து படுப்பவருக்குச் சற்றுக் கூடுதல் உறுதியும், ஒருக்களித்துப் படுப்பவருக்குச் சற்றுக் கூடுதல் நெகிழ்வும், குப்புறப் படுப்பவருக்கு இடுப்பு அமுங்காத உறுதியும் தேவைப்படுகின்றன. 50 கிலோ எடையுள்ளவருக்கு விறைப்பாகத் தோன்றும் அதே மெத்தை 90 கிலோ எடையுள்ளவருக்கு மிருதுவாகத் தோன்றும் என்பதால், பிறர் பரிந்துரைத்த மெத்தையை அப்படியே ஏற்பதில் பொருளில்லை. கணவன் மனைவி இருவரின் எடைக்கும் வெகுவான வேறுபாடு இருந்தால், 36 அங்குல அகலத்தில் இரு வேறு கடினமுள்ள மெத்தைகளை அருகருகே இட்டு ஒரே உறைக்குள் அடைப்பது பயன் தரும் ஏற்பாடு.

மெமரி ஃபோம் எனப்படும் நினைவு நுரை பற்றிய விளம்பரங்கள் தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தைக் கணக்கில் கொள்வதில்லை. விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் பணியில் 1966இல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய இந்த நுரை, உடல் சூடு பட்டால் இளகி உடலின் வடிவுக்கு இசைந்து, அழுத்தம் நீங்கியபின் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவது. அழுத்தத்தைப் பரப்பும் வேலையில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் உடலை நாலாபுறமும் தழுவிக்கொள்வதால் தோலைச் சுற்றிக் காற்று புழங்குவது தடைபடுகிறது. உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றே தணிய வேண்டும். கை, கால், தோல் வழியாக வெப்பம் வெளியேறுவதால்தான் அது தணிகிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஈரப்பதம் மிகுந்த மே மாத இரவில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், தடித்த நினைவு நுரையின் மேல் படுப்பவருக்கு அந்த வழி அடைபடுகிறது. மேலே பூசப்படும் ஜெல் அடுக்கு தொட்டவுடன் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், தான் கொள்ளும் அளவுக்கு வெப்பத்தை வாங்கிக்கொண்டபின் மற்ற நுரையைப் போலவே ஆகிவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குளிர்காலத்தில் இதே நுரை படுத்த சில நிமிடங்களுக்கு விறைத்துக் கிடக்கும். குளிர்சாதன அறையில் உறங்குபவர்கள், 50க்குக் குறையாத அடர்த்தியில், ஒன்றிரண்டு அங்குல மேலடுக்காக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். மூட்டுவலியால் எழுந்திருக்கச் சிரமப்படும் முதியவர்கள், அமுங்கிய குழியிலிருந்து புரண்டு எழ நேர்வதால், இதைத் தவிர்ப்பதே மேல்.

கடையில் ஓரத்தில் உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்ப்பது போதாது. வழக்கமாக உறங்கும் நிலையில், வீட்டில் வைத்துக்கொள்ளும் உயரத்துத் தலையணையோடு, குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பார்க்க வேண்டும். இதற்குத் தயங்கும் கடையை விட்டு வெளியேறுவதில் தவறில்லை. மல்லாந்து படுத்தபின் இடுப்பின் பின்வளைவுக்குக் கீழே கையை நுழைத்தால், கை தடையின்றி ஓடும் அளவுக்கு இடைவெளி இருந்தால் மெத்தை அதிகக் கடினம். நுழைக்கவே முடியாமல் சிக்கினால் அதிக மிருது. ஒருக்களித்துப் படுக்கையில் உடன் வந்தவர் பின்னால் நின்று, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு ஒரே நேராக உள்ளதா என்று கவனிக்கலாம். மெத்தை மிருதுவாக ஆக, தோள் உள்ளே இறங்குவதால் தலையணையின் உயரம் குறைய வேண்டும். புதிய மெத்தையால் கழுத்துவலி வந்தது என்று சொல்பவர்களில் பலர் மாற்ற வேண்டியது தலையணையை. இணையவழியில் சுருட்டி அடைத்து வரும் மெத்தையை வாங்குபவர்கள், திருப்பித் தரும் காலக்கெடுவோடு, உத்தரவாதத்தில் எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் படித்துவிட வேண்டும். பிரித்த பிறகு முழு உயரம் பெற ஓரிரு நாள் பிடிக்கும். புது நுரையின் வாடையும் காற்றோட்டமான அறையில் சில நாளில் அகலும்.

கைக்குழந்தைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் பொருந்தாது. ஓராண்டு நிறையாத குழந்தை முகம் புதையும் எந்த மிருதுவான பரப்பிலும் மூச்சுத் திணற இடமுண்டு என்பதால், உறுதியான, சமதளமான படுக்கையில், தலையணை இன்றி, மல்லாத்தியே கிடத்த வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிக்கும் சாதாரண மெத்தை போதாது. புண் விழாமலிருக்க, காற்றறைகள் மாறி மாறி உப்பும் மருத்துவ மெத்தையும், உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்கும் கவனிப்பும் வேண்டும்.

நல்ல மெத்தையையும் கட்டில் கெடுத்துவிடும். சட்டங்களுக்கு இடையே கையளவு இடைவெளி உள்ள கட்டிலில் நுரையும் லேடெக்ஸும் இடுக்குகளில் பிதுங்கித் தளர்கின்றன. மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வது அவசியம். முழுப் பலகை போட்ட கட்டிலிலும், சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலிலும், தரையில் விரித்துவிட்டாலும் வியர்வையின் ஈரம் அடிப்பக்கம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், வாரம் ஒருமுறையாவது மெத்தையை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துக் காற்றாட விட வேண்டும். தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுவதை முதல் ஆண்டில் அடிக்கடி செய்தால் அமுக்கம் ஒரே இடத்தில் சேராது. துவைக்கத் தக்க பருத்தி மேலுறை, வியர்வையையும் தூசியில் வாழும் உண்ணிகளையும் பெருமளவு தடுக்கும்.

பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்பது தமிழ்நாட்டு வீடுகளின் நெடுநாள் பழக்கம். பஞ்சுக்கு அது ஈரத்தைப் போக்கி, மீண்டும் உப்பலைத் தரும் நல்ல சிகிச்சை. அதே பழக்கத்தில் லேடெக்ஸ் மெத்தையையோ நுரை மெத்தையையோ வெயிலில் கிடத்துபவர்கள் அறியாமலேயே அதன் ஆயுளைக் குறைத்துவிடுகிறார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் சூடும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை உடைத்து, முதலில் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாகவும் பிறகு விண்டு உதிர்வதாகவும் ஆக்குகின்றன. பாலியூரித்தேன் மஞ்சளித்து நொறுங்குகிறது. இவ்விரண்டிலும் உறையை மட்டும் கழற்றித் துவைத்து வெயிலில் உலர்த்திவிட்டு, திண்டை அறைக்குள்ளேயே நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறப்போட வேண்டும்.